ஸ்போர்ட்ஸ் காருக்கு "ஸ்பேசர்" பூட்டலாமா?

தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருவர், இரண்டு பேர் மட்டும் அமரும் ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினால் போதும், லயத்து வாசலில் கூட்டம் கூடிவிடும். "காடி என்ன விலைப்பா? கூரை மடங்குமா?" என்று பாட்டி முதல் பேரன் வரை கேட்பார்கள். கார்க்காரத் தம்பியோ சக்கரத்தைக் காட்டி, "இது ரொம்ப உள்ளே அடங்கிக் கிடக்கு பாட்டி. ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினாத்தான் அழகு" என்பார்.

பல வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார். அதை அழகுபடுத்த ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் சக்கரத்தில் கை வைப்பது சாயம் பூசுவது போன்ற காரியமல்ல. ஓடும்போது சக்கரம் கழன்றால் ஓட்டுபவருக்கும் ஆபத்து, எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் ஆபத்து. ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் இதைச் சேர்ந்து தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்பேசர் என்பது என்ன?

அச்சின் நுனியில் "ஹப்" என்ற வட்டப் பகுதி இருக்கிறது. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளில்தான் சக்கரத்தை மாட்டி நட்டால் இறுக்குகிறோம். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் வட்டமான அலுமினியத் தட்டே ஸ்பேசர். 10 மில்லிமீட்டர் தட்டு வைத்தால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். இரு பக்கமும் வைத்தால் இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலம் 20 மில்லிமீட்டர் கூடும்.

அழகுக்காக மட்டும் இதைப் போடுவதில்லை. அகலமான டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசினாலும், பெரிய பிரேக் பூட்டியபின் ரிம் அதில் இடித்தாலும் ஸ்பேசர் உதவும்.

அளவு பார்த்து வாங்குங்கள்

மஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் அறிமுகமான இந்தச் சிறிய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார், 2016-இல் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டியது. இதன் முதல் வகையில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்டுகள் இருக்கின்றன. நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். போல்ட்டின் பருமன் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். 2005-இல் வந்த மூன்றாவது வகைக்கோ ஐந்து போல்ட்டுகள். பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றின் தட்டு மற்றதற்குச் சேராது. அதனால் "எம்.எக்ஸ்-5 ஸ்பேசர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கக்கூடாது.

நடுத்துளை மிக முக்கியம். ஹப்பின் நடுவிலுள்ள விளிம்புதான் சக்கரத்தைச் சரியாக மையத்தில் உட்கார வைக்கிறது. பல கார்களுக்கும் பொதுவாகச் செய்த தட்டில் துளை பெரிதாக இருக்கும். அதை மாட்டினால் சக்கரம் மையம் தவறி, வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். தட்டு ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். தட்டின் வெளிப்பக்கத்திலும் சக்கரத்தைத் தாங்க அதே அளவு விளிம்பு இருக்க வேண்டும். மலிவாக வார்த்த தட்டு வேண்டாம். அடித்து உருவாக்கிய உறுதியான அலுமினியமாகப் பார்த்து வாங்குங்கள்.

எட்டுச் சுற்றுக் கணக்கு

மெல்லிய தட்டுகளை இருக்கிற போல்ட்டிலேயே செருகிவிடுவார்கள். கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 5 மில்லிமீட்டர் தட்டு வைத்தால், நட்டு பிடிக்கும் நீளத்தில் 5 மில்லிமீட்டர் போய்விடும். மரைக் கணக்கில் அது மூன்று சுற்றுக்கு மேல்.

நட்டு குறைந்தது போல்ட்டின் பருமன் அளவுக்காவது மரையைப் பிடிக்க வேண்டும் என்பது பட்டறைகளில் சொல்லும் கணக்கு. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் பிடிப்பு. 1.5 மில்லிமீட்டர் மரையில் அது எட்டு முழுச் சுற்று. இதைப் பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. கையாலேயே நட்டைத் திருகி எண்ணிப் பாருங்கள். எட்டுக்கு முன்பே நின்றுவிட்டால் அந்தத் தட்டோடு காரை எடுக்காதீர்கள். நீளமான போல்ட்டு மாற்ற வேண்டும், அல்லது தட்டைக் கழற்றிவிட வேண்டும்.

20, 25 மில்லிமீட்டர் கனமான தட்டுகள் வேறு வகை. முதலில் தட்டை ஹப்பில் இறுக்கி, பிறகு தட்டிலுள்ள தனி போல்ட்டுகளில் சக்கரத்தை மாட்ட வேண்டும். பழைய போல்ட்டின் நுனி தட்டைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் ரிம்மின் முதுகில் இடிக்கும். சக்கரம் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் ஒட்டி உட்கார்ந்திருக்காது.

பூட்டும் முறை

ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். மரையில் எண்ணெய் பூசாதீர்கள். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கே இறுக்குங்கள். முதல் வகை எம்.எக்ஸ்-5 காருக்குச் சொல்லியிருக்கும் இறுக்கம் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளப் பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கோ, அது ஏறக்குறைய 100. மனம்போல மிதித்து இறுக்காமல் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே சரி. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். கனமான தட்டானால் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் நட்டுகளையும் பார்க்க வேண்டும்.

ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும், மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டியும் டயர் மட்காட்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

அழகுக்கும் ஒரு விலை உண்டு

காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். வாளி கம்பின் நுனிப்பக்கம் தள்ளிப் போகப் போகத் தோளைப் பிடித்து இழுக்கும். சக்கரமும் அப்படித்தான். வெளியே தள்ளத் தள்ள அச்சின் பேரிங் மேல் விழும் சுமை கூடும். முன்சக்கரமானால் ஸ்டீயரிங்கும் கையை இழுக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடும் காருக்கு இது சிறிய விஷயமல்ல.

டயர் மட்காட்டுக்கு வெளியே துருத்தி நின்றால் சாலைப் போக்குவரத்து இலாகா சோதனையில் சம்மன் வரலாம். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பணம் இருந்தால், காருக்கு ஏற்ற அளவில் வேறு ரிம் வாங்கிப் போடுவதே மேல். நடுவில் தட்டே தேவைப்படாது.

பெற்றோரே, பிள்ளை ஸ்பேசர் பூட்டிய காரில் வந்தால் திட்ட வேண்டாம். "எத்தனை சுற்று பிடிக்குது? நடுத்துளை சரியா? திரும்ப இறுக்கிப் பார்த்தியா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவனைப் பஸ்ஸில் அனுப்புங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தக் காலத்துத் தேருக்கு அந்த எட்டுச் சுற்று நட்டுத்தான் அச்சாணி.