சிறுவர்களுக்கு நன்னீர் இறால் தொட்டி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் நீர் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில், செஞ்சி வட்டாரக் கிராமங்களில் சிறுவர்கள் கால்வாய் ஓரத்தில் துணியை விரித்துக் கூனி இறால் பிடிப்பது உண்டு. பிடித்ததை ஒரு புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மறுநாள் காலையில் அவை வெளுத்துச் செத்துக் கிடக்கும். "இறால் வீட்டில் பிழைக்காது" என்று பெரியவர்கள் அதைக் கொட்டிவிடுவார்கள். இது சரியல்ல. நீரைப் பக்குவப்படுத்தி, மருந்து படாமல் பார்த்துக்கொண்டால், சிறிய கண்ணாடித் தொட்டியில் இறால் நன்றாகப் பிழைக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் துணையுடன் இதைப் பராமரிக்கலாம்.

எந்த இறால் ஏற்றது?

நன்னீரில் இரு வகை இறால்கள் பொதுவாகக் கிடைக்கின்றன. ஒன்று, காரிடினா இனத்தைச் சேர்ந்த கூனி இறால். ஓர் அங்குல நீளமே இருக்கும். உடல் கண்ணாடி போலத் தெரியும். இதன் கொடுக்குகள் மிகச் சிறியவை. நுனியில் தூரிகை போன்ற மயிர்க் கற்றை உண்டு. அதைக் கொண்டு பாசியையும் மட்கிய இலைத் துகளையும் வழித்துத் தின்னும். இதுவே சிறுவர் தொட்டிக்கு ஏற்றது.

மற்றொன்று, மேக்ரோபிராக்கியம் இனம். இதற்கு இரண்டாவது ஜோடிக் கால்கள் நீண்டு கொடுக்காக இருக்கும். இது தன்னினத்தையே பிடித்துத் தின்னும். பண்ணைக் குட்டைகளில் வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறாலும் இந்த இனமே. நீண்ட கொடுக்குடைய குஞ்சுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

பாசி தின்னும் இறாலைத் தொட்டியில் வளர்ப்பது உலகெங்கும் பரவியதற்கு ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ 1980-களில் அதைத் தம் செடித் தொட்டிகளில் பயன்படுத்தியது ஒரு முக்கிய காரணம். அவர் பயன்படுத்தியதும் காரிடினா இனமே.

ஏரியில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரின் சம்மதம் பெற்றுப் பிடிக்க வேண்டும். செஞ்சிக் கோட்டையிலுள்ள சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகியவற்றில் பிடிக்கக் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேர்ந்தவை. கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. சிறுவர்களைத் தனியே நீர்நிலைக்கு அனுப்பக் கூடாது.

தொட்டி அமைத்தல்

18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். பத்து அங்குலம் நீர் விட்டால் சுமார் 35 லிட்டர் பிடிக்கும். மணலும் நீரும் சேர்ந்து 50 கிலோ வரை எடை வரும் என்பதால் ஆடாத பலகையின் மீது வைக்க வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் ஆகாது.

பருமணலை ஐந்தாறு முறை கழுவி ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை நன்கு அலசிய பிறகே நட வேண்டும். இல்லையேல் தும்பியின் இளம்புழுக்கள் உடன்வந்து இறாலைத் தின்றுவிடும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டால் இறாலுக்கு அது உணவாகவும் ஒதுங்குமிடமாகவும் பயன்படும். காற்று மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியே சிறந்தது. குஞ்சுகளை இது உள்ளே இழுக்காது. தொட்டியில் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம். இந்த வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

கிணற்று நீர் அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்றது. பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். செம்புக் குடத்தில் நீர் பிடிக்கக் கூடாது. தாமிரம் சிறிதளவு கரைந்தாலும் இறாலுக்கு நஞ்சாகும்.

நீரைப் பக்குவப்படுத்துதல்

புட்டியில் இறால் சாவதற்கு முக்கிய காரணம் காற்றுக் குறைவும் அமோனியாவுமே. புன்செய் நிலத்தில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் இதுவே நடக்க வேண்டும். இறாலின் கழிவிலிருந்து வரும் அமோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட்டோ குறைந்த அளவில் தீங்கற்றது, செடிகளுக்கு உரமாகும்.

இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இறால் விடாமல், வாரம் இருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போட்டு வடிகட்டியை ஓடவிட வேண்டும். கண்ணாடியில் மெல்லிய பாசி படிவதும் நல்ல அறிகுறியே. பிள்ளைகள் அவசரப்படுவார்கள். நாற்றங்காலுக்குக் காத்திருப்பதைப் போல இதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அதன் பின் பத்துப் பன்னிரண்டு இறால் விடலாம். கொண்டுவந்த நீருடன் அவற்றை ஒரு பாத்திரத்தில் வைத்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் சேர்த்துப் பழக்கிய பிறகே விட வேண்டும்.

உணவும் பராமரிப்பும்

இரண்டு நாளைக்கு ஒரு முறை, வேகவைத்த கீரை இலையில் ஒரு சிறு துண்டு போதும். மறுநாள் மிச்சமிருந்தால் எடுத்துவிட வேண்டும். கடலைப் புண்ணாக்கு போடக் கூடாது, நீர் நாறிவிடும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். ஆவியாகிக் குறையும் அளவுக்குச் சுத்தமான மழைநீரோ கிணற்று நீரோ சேர்க்கலாம். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. சித்திரை, வைகாசியில் நீர் 32 டிகிரியைத் தாண்டினால் காற்றோட்டம் குறையும். அப்போது தொட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட வேண்டும்.

அடியில் வெள்ளையாக இறால் உருவில் ஏதேனும் கிடந்தால் இறால் செத்துவிட்டது என்று பிள்ளைகள் கலங்குவார்கள். பாம்பு சட்டை உரிப்பதைப் போல இறாலும் ஓட்டை உரித்தே வளர்கிறது. உரித்த ஓட்டை எடுக்காமல் விட்டால் இறாலே தின்றுவிடும். புதிய ஓடு கெட்டிப்படும்வரை அது ஒளிந்திருக்கும். தொந்தரவு செய்யக் கூடாது.

மருந்து அடித்த கை ஆகாது

விவசாயி வீட்டில் இறால் தொட்டிக்கு உள்ள பெரிய ஆபத்து பூச்சிமருந்தே. இறால், பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு, இரண்டுமே கணுக்காலிகள். புழுவைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே இறாலுக்கு ஆபத்து. 10 சத சைபர்மெத்ரின் மருந்தில் ஒரு மில்லி, ஒரு லட்சம் லிட்டர் நீரில் கரைந்தால் ஏறத்தாழ இந்த அளவு வரும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டையின் நீர் அது.

எனவே மருந்து அடித்தவர் அன்று தொட்டியைத் தொடக் கூடாது. தெளிப்பானுடன் பயன்படுத்திய வாளி, குவளைகளைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. மருந்தடித்த வயல் கீரையும் ஆகாது. கொசு மருந்துகள் பலவும் இதே வகையைச் சேர்ந்தவை என்பதால், தொட்டி உள்ள அறையில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிரப் பூசணக்கொல்லிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தொட்டிக்குப் பொருந்துவது ஏரிக்கும் பொருந்தும். தெளிப்பானைக் கால்வாயில் கழுவினால், சாவது கண்ணுக்குத் தெரியாத கூனி இறால்தான். அதைத் தின்று வளரும் விராலும் கெளுத்தியும் அதனால் குறையும். தெளிப்பானை வயலிலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரை மருந்தடித்த பயிரின் மீதே தெளித்துவிட வேண்டும். காலி டப்பாக்களை நீரில் எறியக் கூடாது.

கடைகளில் விற்கும் சிவப்பு இறால் கிழக்காசியாவைச் சேர்ந்தது. அதை வளர்ப்பவர்கள் ஏரியிலோ கிணற்றிலோ விடக் கூடாது. உள்ளூர் இறால் வேண்டாமென்றால் பிடித்த இடத்திலேயே விடலாம். வெளி இறாலுடன் சேர்த்து வளர்த்தவற்றை அவ்வாறு விடக் கூடாது.

வளர்ந்த பெண் இறால் வயிற்றடிக் கால்களில் முட்டைகளைச் சுமப்பதைப் பிள்ளைகள் கண்ணாடி வழியே காணலாம். சில இனங்களின் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவைப்படுவதால் அவை தொட்டியில் பிழைக்காமல் போகலாம்; அது பராமரிப்பின் குறை அல்ல. ஆனால் ஒரே நாளில் எல்லா இறாலும் துள்ளித் துடித்துச் செத்தால், அன்று வீட்டில் யார் எந்த மருந்தைக் கையாண்டார் என்று முதலில் கேட்க வேண்டும்.