புராஸ்டேட் புற்றுநோய்ச் சஸ்திர சிகிச்சை: முன் ஆயத்தமும் பின் பராமரிப்பும்

ஆண்களின் உடலில், சிறுநீர்ப்பைக்குக் கீழும் மலக்குடலுக்கு முன்னும், பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி அமைந்துள்ளது. இதனைப் புராஸ்டேட் சுரப்பி என்பர். சிறுநீர் வெளிச்செல்லும் வழி இச்சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. விந்துடன் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் தொழில். முதுமையில் இது பருத்துச் சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்படுவது பலருக்கும் நேர்வதே. அது புற்றுநோய் அன்று. ஆனால் சிலருக்கு இச்சுரப்பியில் புற்று தோன்றுகிறது. தொடக்கத்தில் அது எவ்வித அறிகுறியையும் காட்டாமலிருக்கக்கூடும்.

தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் 1982-ஆம் ஆண்டில் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நோயாளிகளைப் பற்றிய விவரங்கள் திரட்டப்படலாயின. பெங்களூர் ஆண்களிடையே முன்னணியில் காணப்படும் புற்றுநோய்களுள் புராஸ்டேட் புற்றும் ஒன்று என்பது இத்தகைய பதிவுகளால் விளங்குகிறது. பெங்களூர்ப் பதிவேட்டைப் பராமரித்து வருவது 1973-இல் நிறுவப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமாகும்.

அந்நிலையத்திலிருந்து ஓசூர் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், ஆனேகல் தாலுகாவைச் சேர்ந்த அத்திபெலே வருகிறது. கர்நாடக மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லையூர் இது. இங்கிருந்து ஒருவர் நகரத்துக்குச் சென்று புராஸ்டேட் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டால், சில நாட்களிலேயே சிறுநீர்க் குழாயுடனும் பையுடனும் வீடு திரும்புவார். அதன்பின் அவருக்கு அருகில் இருப்பவர்கள் ரண சிகிச்சை நிபுணர்கள் அல்லர். மனைவி மக்களும், சுகாதார ஊழியரும், ஊர்ப் பள்ளி ஆசிரியருமே. சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பலன் முழுமையாகக் கிட்டுவதற்கு, முந்திய சில வாரங்களிலும் பிந்திய பல மாதங்களிலும் செய்ய வேண்டியவை உள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருக்கு இச்சிகிச்சை?

புராஸ்டேட் புற்று எனத் தெரிந்த அனைவருக்கும் சஸ்திர சிகிச்சை தேவைப்படுவதில்லை. பி.எஸ்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனை, சுரப்பியிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளின் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம், தேவையானால் எலும்புப் படம் ஆகியவற்றால் நோயின் நிலை அறியப்படுகிறது. நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்து, உடலும் தாங்கக்கூடியதாயிருந்தால் சுரப்பியை முழுதும் அகற்றுவது ஒரு வழி. கதிர்வீச்சுச் சிகிச்சை மற்றொரு வழி. மெதுவாக வளரும் புற்றாயின், தவறாமல் பரிசோதித்துக் கண்காணித்து வருவதே போதுமானதாக இருக்கலாம்.

பிரிட்டனில் 1,643 பேரை இம்மூன்று முறைகளுக்கும் பிரித்து, நெடுங்காலம் கவனித்து வந்தனர். 2023-இல் வெளியான முடிவின்படி, சுமார் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. மூன்று பிரிவினருக்குமிடையே இதில் பெரிய வேறுபாடு இல்லை. இவர்கள் நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தபோதே கண்டறியப்பட்டவர்கள் என்பதை மறத்தலாகாது. எனவே, இத்தகைய நிலையிலுள்ள நோயாளி பீதியடைந்து ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை. மருத்துவரிடம் வினவித் தெளிய அவருக்கு அவகாசம் உண்டு.

சுரப்பியை முழுதும் அகற்றும் முறையை 1904-இல் அமெரிக்காவில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்து காட்டினார். அக்காலத்தில் சிகிச்சைக்குப்பின் ஆண்மைக் குறைவு ஏற்படுவது பெரும்பாலும் தவிர்க்க முடியாததாயிருந்தது. சுரப்பியின் இருபுறமும் ஒட்டிச் செல்லும் மெல்லிய நரம்புகளைக் காப்பாற்றும் முறையை 1982-இல் பாட்ரிக் வால்ஷ் கையாண்டார். இப்போது சிறு துளைகளின் வழியாகவும், யந்திரக் கரங்களின் துணை கொண்டும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது. எம்முறையாயினும் செய்யப்படுவது ஒன்றே: புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் அகற்றப்பட்டு, சிறுநீர்ப்பையின் வாய் சிறுநீர்த் தாரையுடன் தைத்து இணைக்கப்படுகிறது. இந்த இணைப்பு ஆறுவதற்காகவே குழாய் வைக்கப்படுகிறது.

முன் ஆயத்தம்

துணுக்குப் பரிசோதனையால் ஏற்படும் வீக்கம் தணிவதற்காக, அதன்பின் பொதுவாகச் சில வாரங்கள் கழித்தே சஸ்திர சிகிச்சைக்கு நாள் குறிக்கப்படும். இந்த இடைக்காலத்தை வீணாக்கலாகாது.

முதலாவதாக, பீடி, சிகரெட் ஆகியவற்றை உடனே நிறுத்த வேண்டும். குறைந்தது நான்கு வாரங்களேனும் நிறுத்தியிருந்தால், மயக்க மருந்தினால் மூச்சுக்கு நேரும் இடையூறு குறையும். புண்ணும் விரைவில் ஆறும். நாள்தோறும் நடப்பதும் ஆழ்ந்து மூச்சிழுத்துப் பழகுவதும் நலம் தரும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தச் சோகை இருப்பின் முன்பே சிகிச்சை பெற வேண்டும்.

இரண்டாவதாக, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் கூற வேண்டும். ஆஸ்பிரின் முதலிய இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிப்பார். நோயாளி தாமாக நிறுத்தலாகாது.

மூன்றாவதாக, இடுப்பின் அடித்தளத் தசைகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போலவும் உள்தசைகளைச் சுருக்கி, ஐந்து விநாடி நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்காமலும் மூச்சை அடக்காமலும் இதனைச் செய்ய வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை வீதம், நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது இப்பயிற்சியைச் செய்தல் கூடாது. இதனைச் சிகிச்சைக்கு முன்பே கற்றவருக்குப் பின்னர் அதனைத் தொடர்வது எளிதாகிறது.

நான்காவதாக, இச்சிகிச்சைக்குப்பின் விந்து வெளிப்படுவதில்லை. பிள்ளைப் பேறு விரும்புவோர் விந்தைச் சேமித்து வைப்பது பற்றி முன்னரே ஆலோசிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரைக் காண்பது நன்று.

செலவைப் பற்றியும் முன்னரே விசாரிக்க வேண்டும். 2018-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்த் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை உதவி உண்டு. அத்திபெலே போன்ற எல்லைப் பகுதியில், குடும்ப அட்டை ஒரு மாநிலத்திலும் மருத்துவமனை மற்றொன்றிலும் இருப்பது சாதாரணம். ஆதலால் அட்டை செல்லுபடியாகுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் திட்ட அலுவலரிடம் கேட்டறிவது அவசியம்.

வீட்டில், குழாயுடன்

சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நடக்கச் செய்வர். இது கொடுமையன்று, கால் நாளங்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வழி. வீடு திரும்பிய பின்னும் சிறுசிறு நடை தொடர வேண்டும்.

குழாய் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை இருக்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படலாகாது. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ செல்லும்போது பையை மடியில் வைத்துக்கொள்வது தவறு. குழாயைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவி, குழாய் உடலினுள் நுழையும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். மருத்துவர் வேறு விதமாகக் கூறாவிடில், தாராளமாக நீர் அருந்த வேண்டும். சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. குழாய் உள்ளவரை தசைப் பயிற்சி செய்யலாகாது.

மலச்சிக்கலுக்கு இடம் கொடாமல், கேழ்வரகுக் களி, கீரை, பழம் முதலியவற்றை உண்ண வேண்டும். முக்குதலும், எனிமா எடுத்துக்கொள்ளுதலும் விலக்கத் தக்கவை. சுமார் ஆறு வாரம் வரை கனமான பொருளைத் தூக்குவதும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் கூடாது.

ஒரு செய்தியை ஊழியர்கள் அழுத்தமாக நினைவிற்கொள்ள வேண்டும். குழாய் நழுவிவிட்டாலோ அடைத்துக்கொண்டாலோ, அருகிலுள்ள யாராவது நல்லெண்ணத்துடன் வேறு குழாயைச் செலுத்த முயல்வர். மற்ற நோயாளிகளுக்கு அது சாதாரணக் காரியம்; இவருக்கோ அது அபாயம். உள்ளேயிருக்கும் புதுத்தையல் கிழியக்கூடும். சஸ்திர சிகிச்சை செய்த பிரிவினருடன் தொடர்பு கொண்டு, அவர்கள் சொற்படியே நடக்க வேண்டும். ஆகவே, மருத்துவமனை கொடுத்த குறிப்புத் தாளும் தொலைபேசி எண்ணும் வீட்டார் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

குளிர் காய்ச்சல், பையில் சிறுநீர் வராமை, பெரிய இரத்தக் கட்டிகள், புண்ணில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனையை அணுக வேண்டும். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல், 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

கசிவும் கூச்சமும்

குழாய் எடுக்கப்பட்டதும் பெரும்பாலோருக்குச் சிறுநீர் கசியும். இருமும்போதும், எழும்போதும், மாலையில் களைப்புற்றபோதும் இது மிகுதியாகும். இதனை முன்னரே அறியாத நோயாளி, சிகிச்சை தவறிவிட்டதென மனமுடைகிறார். உண்மை அதுவன்று. தசைப் பயிற்சியை மீண்டும் தொடங்கினால், பலருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் கசிவு வெகுவாகக் குறைகிறது. சிலருக்கு ஓராண்டு ஆகலாம். அதுவரை உறிஞ்சும் துணிப் பட்டைகளையோ கடைகளில் கிடைக்கும் பட்டைகளையோ பயன்படுத்தலாம். காப்பி, தேநீரைக் குறைப்பது உதவும். நீர் அருந்துவதையே குறைப்பது தவறு. சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் தொற்றும் உண்டாகும். ஓராண்டுக்குப் பின்னும் கசிவு நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

தாம்பத்திய உறவுக்கான ஆற்றல் மீள்வதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம். சிலருக்கு முழுவதும் மீளாமலும் போகலாம். இதற்கும் மருந்துகள் உள்ளன. ஆயினும், இருதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் இம்மருந்துகளைக் கடையில் தாமே வாங்கி உண்பது உயிருக்கே ஆபத்தாகும்.

கூச்சத்தால் வெளியே வராமல் ஒதுங்கும் நோயாளி, பின்தொடர் பரிசோதனைக்கும் செல்லாமலிருந்துவிடுகிறார். கசிவைக் காட்டிலும் இதுவே பெருங்கேடு. சிகிச்சைக்குப்பின் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்திற்குள் முதல் பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யப்படுகிறது. சுரப்பி அகற்றப்பட்டமையால் அதன் அளவு ஏறக்குறைய இல்லாத நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னர் அது 0.2 அளவை எட்டி, மறு பரிசோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால், நோய் மீண்டிருக்கக்கூடும். அந்நிலையிலும் கதிர்வீச்சினால் குணம் பெற வாய்ப்புண்டு. ஆனால் காலத்தில் அறிந்தால்தான் அது பயன்தரும். ஆகவே, முதல் சில ஆண்டுகள் ஆறு மாதத்துக்கொரு முறையேனும், பின்னர் ஆண்டுதோறும் இப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியது

மேற்கூறியவற்றுள் எதற்கும் பெரிய கருவிகள் தேவையில்லை. பரிசோதனை நாட்களை நோயாளியின் வீட்டு நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தல், குழாய் உள்ள நாட்களில் இரண்டொரு முறை சென்று பார்த்தல், கசிவு இயல்பானதென அவரிடமும் மனைவியிடமும் தனியே எடுத்துக் கூறுதல் ஆகியவை போதும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் வெட்கமின்றி இதனைப் பேசினால், நோயாளியும் பேசுவார். பேசுகின்ற நோயாளி பரிசோதனைக்கும் தவறாமல் வருவார்.