நிற்பவருக்கும் ஓர் இருக்கை

திருவனந்தபுரம் சாலை பஜார் போன்ற கடைத்தெருக்களில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பது நெடுநாள் வழக்கம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். பாதம் வீங்கும், நாளடைவில் ரத்த நாளம் சுருண்டு புடைக்கும், இடுப்பு வலியும் சேரும். இதை எதிர்த்துக் கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் எழுப்பிய குரலின் பலனாக, 2018-இல் கேரளம் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் பின்தொடர்ந்தது.

உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பார்கள் சிலர். சட்டம் கேட்பதோ, வேலைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஒரு வசதி மட்டுமே. கால் கடுக்க நிற்பவரால் பொறுமையாகப் புடவை விரித்துக் காட்ட முடியுமா? கடை முதலாளிகளே, கல்லாவில் மட்டுமல்ல, கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் போடுங்கள்.