பழைய பென்னியும் அதன் விலையும்

நாணயம் பழையதாக இருந்தால் விலையும் கூடுதலாக இருக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். விக்டோரியா மகாராணி தலை போட்ட காசு இலட்சம் பெறும் என்று ஆசை காட்டி, முன்பணம் கறந்துகொண்டு மறைபவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இம்மோசடி நடந்ததால், அவ்வங்கி 2021-ஆம் ஆண்டில் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. விவரம் கேட்டறிய ஆளில்லாத எங்களைப் போன்ற வீடுகளில்தான் பணம் பறிபோகிறது. ஆகவே, சேகரிப்போர் பிரிட்டிஷ் நாணயங்களுக்கு எதைக் கொண்டு விலை சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

1797-இல் பர்மிங்காமில் மாத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தால் அடித்த செப்புப் பென்னி ஓர் அவுன்சு எடையுள்ளது. 'வண்டிச் சக்கரம்' என்பது அதன் செல்லப் பெயர். இருநூறு வயது கடந்திருந்தும், தேய்ந்துபோன காசு சொற்பத் தொகைக்கே கிடைக்கும். ஏராளமாக எஞ்சியிருப்பதே காரணம்.

1933-ஆம் ஆண்டுப் பென்னியின் கதையோ வேறு. புழக்கத்தில் பென்னிகள் தேவைக்கு மேல் இருந்தமையால், அவ்வாண்டு நாணயச்சாலை புழக்கத்திற்கென்று அடிக்கவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் இடுவதற்கும் காட்சியகங்களுக்குமாகச் சிலவே அடித்தார்கள். இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ ஏழு. 1970-இல் லீட்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றின் மூலைக்கல்லையே பெயர்த்து, அதன் கீழிருந்த பென்னியைத் திருடிச் சென்றனர்! 1967 என்று பொறித்த பென்னிகளோ 65 கோடிக்கும் மேல். அவற்றை எவர் திருடுவார்?

வெள்ளிக் காசானால் ஆண்டைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். 1919 வரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி; 1920 முதல் 1946 வரை சரிபாதி; 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். முதல் உலகப் போரை அடுத்து வெள்ளி விலை ஏறி, ஷில்லிங்கின் மதிப்பைக் காட்டிலும் அதிலிருந்த உலோகத்தின் மதிப்பு மிகுந்துவிட்டதே முதல் குறைப்புக்குக் காரணம். 5.65 கிராம் எடையுள்ள பழைய ஷில்லிங்கில் 5.2 கிராம் வெள்ளி இருக்கிறது. அதன் முகம் தேய்ந்தாலும் இந்த மதிப்பு பெரிதாகக் குறையாது.

மற்றபடி முகம்தான் முக்கியம். இங்கேதான் நம் வீட்டுப் புளி பகையாகிறது. செப்புக் காசின் மேலுள்ள பழுப்பு நிறம் அழுக்கன்று. காற்றுபட்டு உண்டான ஆக்சைடு படலம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். தேய்க்கும்போது நுண்ணிய கீறல்களும் விழும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நெளிந்து ஓடிய மெல்லிய வரிகளே புதுக்காசின் மினுமினுப்புக்குக் காரணம். அவை அழிந்தால் திரும்பி வாரா. துலக்கிப் பளபளக்கும் பென்னியைப் பார்த்ததும் வாங்குபவர் விலையைப் பாதியாக்குவதும், சில வேளை வேண்டாம் என்பதும் இதனால்தான். பழுப்பு பழுப்பாகவே இருக்கட்டும். காசை விளிம்பில் பிடித்து, லென்சு வைத்து ஆண்டை மட்டும் படித்துக்கொள்ளலாம்.