மின்கலம் வேண்டாத காமிரா

ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட ‘டிரிப் 35’ காமிராவின் லென்ஸைக் கழற்றி மாற்ற இயலாது. ஷட்டரின் வேகங்களும் இரண்டே: வினாடியில் 40-இல் ஒரு பங்கு, 200-இல் ஒரு பங்கு. இச்சொற்ப வசதிகளைக் கொண்டு அது ஆற்றும் பணியோ வியக்கத்தக்கது.

லென்ஸைச் சூழ்ந்த வளையத்தின் பின்னே செலினியம் ஒளிமின்கலம் உள்ளது. அதன்மீது படும் வெளிச்சம் சிறிதளவு மின்னோட்டத்தை உண்டாக்க, அதற்கேற்ப ஒரு முள் நகர்கிறது. பொத்தானை அழுத்துகையில் அம்முள் நின்ற இடத்தைக் கொண்டே துவாரத்தின் அளவும் ஷட்டரின் வேகமும் அமைகின்றன. பாட்டரி தேவையில்லை. வெளிச்சம் போதாவிடில் பார்வைத் துளையில் சிவப்புத் தகடு எழும், படம் பதிவாகாது. 36 படங்களுக்கான ஒரே சுருளுடன் வெளியூர் செல்லும் ஊழியருக்கு இம்மறுப்பே பேருதவி எனலாம்.

செலினியம் நாளடைவில் வலுவிழக்கக்கூடும். பழைய கருவி கிடைக்கப் பெறும் ஆசிரியர், மாணவர் முன்னிலையிலேயே இதனைச் சோதிக்கலாம். தானியங்கிக் குறியான ‘ஏ’யில் வைத்து, சுருள் நகர்த்தும் சக்கரத்தைச் சுழற்றி, வளையத்தைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்துக, சிவப்புத் தகடு தோன்றவேண்டும். பின்னர் வெயிலை நோக்கி அழுத்துக. ஷட்டர் தடையின்றி இயங்கவேண்டும். அங்கும் தகடு எழுமாயின் கலமோ முள்ளோ பழுதுற்றிருக்கிறது. அந்நிலையிலும் துவாரத்தைக் கையால் அமைத்து, 40-இல் ஒரு பங்கு வேகத்தில் படமெடுக்க முடியும்.