கல்லீரலுக்கு ஒரு டயாலிசிஸ்

சிறுநீரகம் பழுதானவர் டயாலிசிஸை நம்பிப் பல ஆண்டுகள் வாழ்கிறார். கல்லீரல் திடீரென்று செயலிழந்தவருக்கோ பல சமயம் சில நாட்கள்தான் கெடு. அதற்குள் மாற்றுக் கல்லீரல் கிடைத்தாக வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு இயந்திரம் கிடையாதா என்று ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பம் கேட்பது நியாயமான கேள்வி.

சாதாரண டயாலிசிஸ் இங்கே போதாது. யூரியா தண்ணீரில் கரையும். சவ்வைத் தாண்டி வெளியேறிவிடும். கல்லீரல் அகற்ற வேண்டிய பிலிருபின், பித்த அமிலங்கள் போன்றவை அப்படியல்ல. ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை அவை இறுகப் பற்றியிருக்கின்றன. அல்புமின் சவ்வின் துளைகளில் நுழையாததால் அவையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்டாங்கே, ஸ்டெஃபன் மிட்ஸ்னர் இருவரும் 1990களில் இதற்கு வழி கண்டார்கள். சவ்வின் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடும். மறுபக்கம் 20 சதவீத அல்புமின் கரைசல் ஓடும். நோயாளியின் அல்புமினை விட்டு நழுவும் பிலிருபின், சவ்வைக் கடந்து மறுபக்கத்து அல்புமினிடம் ஒட்டிக்கொள்ளும். அந்த அல்புமின் முதலில் ஒரு டயாலிசிஸ் வடிகட்டியிலும், பிறகு கரித்தூள் நிரப்பிய குழாயிலும், பிசின் மணிகள் நிரப்பிய குழாயிலும் புகுந்து, சுமையை இறக்கிவிட்டு மீண்டும் சவ்வுக்குத் திரும்பும். ஒரு முறை ஓட்ட ஆறு முதல் எட்டு மணி நேரம். ‘மார்ஸ்’ என்பது இதன் பெயர். முரண்டு பிடிக்கும் ஒரு புரதத்தை அதே புரதத்தைக் கொண்டே வசப்படுத்திய யோசனை அபாரமானது.

ஆனால் சுத்தம் செய்வது கல்லீரலின் வேலைகளில் ஒன்று மட்டுமே. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை மார்ஸ் தயாரிக்காது. உயிருள்ள கல்லீரல் செல்களையே இயந்திரத்தில் வைத்துப் பார்த்த முயற்சிகளும் பெரிய ஆய்வுகளில் தேறவில்லை.

2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 102 நோயாளிகள். மார்ஸ் பெற்றவர்களில் 84.9 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 75.5 சதவீதத்தினரும் ஆறு மாதம் கடந்து உயிரோடிருந்தார்கள். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியானதல்ல. அங்கே மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அது சுமார் 16 மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டது. இயந்திரத்தின் பலனை அளக்கவே நேரமிருக்கவில்லை. உறுப்புக்கு நெடுநேரம் காத்திருக்கும் இடங்களில் இது உதவாது என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்லிவிட முடியாது.

இதைவிட எளிய வழியொன்று வலுவான சான்றோடு முன்னேறியிருக்கிறது: நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுத் தானம் பெற்ற பிளாஸ்மாவை ஏற்றுவது. உறையவைக்கும் புரதங்களும் அதோடு உள்ளே போகின்றன. 182 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் 47.8 சதவீதத்திலிருந்து 58.7 ஆக உயர்ந்தார்கள். எலி மருந்தால் கல்லீரல் கெட்டவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் குறைந்த அளவு பிளாஸ்மாவைக் கொண்டே இந்தச் சிகிச்சையை அளித்து வருகிறார்கள்.