ஆங்கில வரையறையற்ற பதிலிடுபெயர்களும் தமிழ் ஒட்டுகளும்

ஆங்கிலத்தின் ‘சம்ஒன்’, ‘எனிஒன்’ முதலான வரையறையற்ற பதிலிடுபெயர்களின் பொருளை, அவை அமையும் சூழலே உறுதிசெய்கிறது. தமிழோ வினாப்பெயரோடு ஓ, ஆவது, உம் ஆகிய ஒட்டுகளைச் சேர்த்து அவ்வேறுபாடுகளை வடிவிலேயே காட்டுகிறது. ஆகவே, ஆங்கிலம் சொல்லாது விடுவதைத் தமிழில் பெயர்ப்பவர் சொல்லியாக வேண்டிய நிலை எழுகிறது.

ஆங்கிலமும் கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் பெங்களூர் வைட்ஃபீல்டை வைத்தே ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ‘ஷி இஸ் லுக்கிங் ஃபார் சம்ஒன் ஃப்ரம் வைட்ஃபீல்ட்’ என்னும் தொடர் இருபொருள்படும். தேடப்படுபவர் குறிப்பிட்ட ஒருவர் எனின், ‘வைட்ஃபீல்டைச் சேர்ந்த யாரையோ தேடுகிறார்’ எனலாம். அவ்வூரார் எவராயினும் போதும் எனின், ‘யாரையாவது’ என வேண்டும். அடுத்த வாக்கியம் அவருடைய தோற்றத்தைக் கூறுமாயின் முன்னது பொருந்தும். ‘வழி தெரிந்தவராக இருந்தால் போதும்’ என்று அமையுமாயின் பின்னது பொருந்தும். சூழல் துணைசெய்யாவிடத்து, ‘ஒருவரை’ என்பது மூலத்தின் மயக்கத்தை அவ்வாறே காக்கும்.

‘எனிஒன்’ என்பதற்கு வினாவிலும் நிபந்தனையிலும் ‘யாராவது’ (யாராவது வந்தார்களா? யாராவது கேட்டால்), எதிர்மறையிலும் இசைவிலும் ‘யாரும்’ (யாரும் வரவில்லை, யாரும் வரலாம்) என்பன நிகராகும். இவ்வும்மை முற்றுப்பொருளது. தொல்காப்பிய இடையியல் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் முற்றும் ஒன்று.

எதிர்மறையில் மேலும் கவனம் தேவை. நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பில் ‘ஷி டஸ்ன்ட் ஈட் ஜஸ்ட் எனிதிங்’ என்றிருப்பதாகக் கொள்வோம். ‘எதையும் உண்பதில்லை’ எனப் பெயர்த்தால், உணவைத் தேர்ந்து உண்பவர் உணவையே மறுப்பவராகிவிடுவார். ‘கிடைத்ததையெல்லாம் உண்பவர் அல்லர்’ என்பதே உரிய பெயர்ப்பு. ‘ஜஸ்ட்’ இல்லாதவிடத்துப் பேச்சில் குரலழுத்தமே இப்பொருளைக் காட்டும்; எழுத்தில் முன்பின் வாக்கியங்களே சான்று.

நாற்பது மொழிகளை ஒப்பிட்டு மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இப்பெயர்களுக்கு ஒன்பது பயன்பாடுகளை வகுத்தது. அம்மொழிகளுள் ஒன்றான கன்னடமும் ‘யாரோ’, ‘யாராதரூ’, ‘யாரூ’ எனத் தமிழைப்போன்றே வடிவால் வேறுபடுத்துகிறது. எனவே, ஒரே ஆங்கில மூலத்தின் கன்னடப் பெயர்ப்பு கிடைக்குமிடத்து அதனை ஒப்புநோக்குதல் நன்று. கன்னடப் பெயர்ப்பாளர் ‘யாராதரூ’ என்றும் தமிழ்ப் பெயர்ப்பாளர் ‘யாரோ’ என்றும் எழுதியிருப்பின், மூலத்தை மீண்டும் படிக்க வேண்டிய இடம் அதுவே.